கட்டிய கால்கள்

நாவலூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் சம்பளப் பிரிவில் இருந்தவன் நான். ஆட்குறைப்பில் அந்த வேலை போனபின், என் மகள் வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நர்ஸிங் படித்தேன். இப்போது தாம்பரத்துக்கு அருகே ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பெண்களை சிஸ்டர் என்பவர்கள் என்னை பிரதர் என்கிறார்கள்.

அன்று மதியம், ஊரப்பாக்கத்தில் லாரி இடித்த ஓர் இளைஞனைக் கொண்டுவந்தார்கள். வெளியே பெரிய காயமில்லை. இடுப்பெலும்பு உடைந்து ரத்தம் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. கால்கள் விரிந்தால் உடைப்பும் விரியும். பிறகு அறுவை அறை வரைக்கும்கூடத் தாங்கமாட்டான். டூட்டி டாக்டர் சொன்னபடி இடுப்பைச் சுற்றிப் போர்வையை இறுக்கினேன். பாதங்களைச் சேர்த்து வெள்ளை பாண்டேஜால் கட்டினேன். எதையும் நேர்த்தியாகச் செய்துதான் பழக்கம். கட்டைவிரல்கள் இரண்டும் ஒட்டி, நேராக நின்றன.

திரை கட்டிலை முழுக்க மறைக்கவில்லை. பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. வாசலில் நின்ற அவன் அம்மா அவற்றைப் பார்த்துவிட்டார். நம் வீடுகளில் பிணத்துக்குத்தானே கால் கட்டுவோம்?

"ஐயோ, கால கட்டிட்டானுங்களே!"

அவனுடைய அண்ணன் கதவை உதைத்துக்கொண்டு உள்ளே வந்தான். கண்ணாடி நொறுங்கியது. சலைன் ஸ்டாண்டைப் பிடுங்கி முதலில் மானிட்டரை அடித்தான். தடுக்கப் போன டாக்டர் மருந்து வண்டியோடு சேர்ந்து கவிழ்ந்தார்.

"செத்தவன உள்ள வெச்சிகினு டிராமாவா காட்றீங்க?"

"உயிரோடதான் இருக்கான். கட்ட மட்டும் தொடாதீங்க!" நான் கட்டில்மேல் கவிழ்ந்து அந்தப் பாதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"ஆம்பளைக்கு இன்னாடா நர்ஸ் வேல? தள்ளுடா!"

ஸ்டாண்ட் என் தோளில் இறங்கியது. அடுத்த அடி வாயில். பல் உதட்டைக் கிழித்துக்கொண்டு போனது. ரத்தம் வெள்ளைக் கட்டின்மேல் சொட்டியது. அவன் என் தலைமுடியைப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினான். ஸ்டாண்டை விடாமலே மறு கையால் கட்டைப் பிய்த்து எறிந்தான். கால்கள் இரண்டு பக்கமும் சரிந்தன.

திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல் வந்தது. இத்தனை நாள் வேலையில் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அண்ணன் கையிலிருந்த ஸ்டாண்ட் கீழே விழுந்தது. "டேய் தம்பி..." என்றான். தம்பியின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. டாக்டர் எழுந்து நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "பிரஷர் இறங்குது, உடனே ஆபரேஷன் தியேட்டருக்கு!" என்று கத்தினார்.

திரும்பக் கட்ட நேரமில்லை. அண்ணனின் கைகளைப் பிடித்து அந்தப் பாதங்களின்மேல் வைத்து அழுத்தினேன்.

"சேத்துப் புடி. உட்டா செத்துடுவான்."

"புடிச்சிட்டேன் சார், புடிச்சிட்டேன்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். உடைந்த கண்ணாடிமேல் வெறுங்காலோடு அவனும் பக்கவாட்டாக ஓடி வந்தான். தியேட்டர் வாசலில் நான் புதிதாகக் கட்டி முடித்த பிறகும் அவன் கைகள் விலகவில்லை. விரல் விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

உதட்டில் தையல் போட்டுக்கொண்டு மீதி ஷிப்டை முடித்தேன். மாலையில் சர்ஜன் வெளியே வந்து, பிழைத்துக்கொள்வான் என்றார். அம்மா அதை நம்பவில்லை. உள்ளே அழைத்துப் போனேன். மகனின் முகத்தை அவர் பார்க்கவில்லை. நேராகக் கால்மாட்டுக்குப் போய்க் கட்டைவிரலை அழுந்தக் கிள்ளினார். விரல் அசைந்தது. அதன் பிறகுதான் அழுதார்.