வால்வு அண்ணன் செத்த படம்

குழாய் வேலை பார்க்கும் அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வங்கியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும் முன்பே, "முதல்ல வால்வ மூடுங்க" என்பார். அதனால் எல்லோருக்கும் அவர் வால்வு. வயதில் இளையவர்களுக்கு வால்வு அண்ணன்.

நீச்சல்குளம் வைத்த ஒரு பெரிய வீட்டில் சினிமா எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளத்து மோட்டார் மக்கர் பண்ண, இவரைக் கூப்பிட்டார்கள். போன இடத்தில் இன்னொரு சிக்கல். பிணமாக நடிக்க வந்த ஆள், விடியற்காலைத் தண்ணீரில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு ஓடிப்போயிருந்தான். உதவி இயக்குநரான ஒரு பெண், ஸ்பேனரும் கையுமாக நின்ற வால்வை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, கொஞ்ச நேரம் மூச்சடக்க வருமா?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? தொட்டிக்குள்ள தலைய விட்டே காலத்த ஓட்டுனவன் நான்."

வெள்ளைச் சட்டை மாட்டி, குளத்தில் ஒரு முக்கு முக்கியெடுத்து, முகத்தில் நீலம் பூசி, குளத்தின் ஓரத்தில் கிடத்தினார்கள். கண்ணை மூடக்கூடாது என்றார் இயக்குநர். ஒரு ஈ வந்து மூக்கின்மேல் உட்கார்ந்து கைகால் தேய்த்தது. வால்வு அசையவில்லை. "பிரமாதம்!" என்றார் இயக்குநர். அந்த ஒரு சொல் அவர் தலைக்கு ஏறிவிட்டது.

சினிமாவில் நடித்த சேதி கேட்டு, கடைத்தெருவில் நண்பர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஃப்யூஸ் என்று பெயரெடுத்த எலக்ட்ரீஷியன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"என்ன வேஷம்டா?"

"கதையே என்னைச் சுத்திதான்."

பொய் இல்லை. அந்த ஆளைக் கொன்றது யார் என்பதுதான் முழுப் படமும். செத்துக் கிடக்கிற செய்தியை மட்டும் அவர் விட்டுவிட்டார்.

"ஹீரோகிட்ட பேசுறியா?"

"அவரு பேசுவாரு. நான் பதிலே சொல்லமாட்டேன்."

"அவ்வளவு திமிரு பிடிச்ச கேரக்டரா!" என்று வாயைப் பிளந்தார் கூட நின்ற பெயின்டர். "ஹீரோயின்?"

"என் மேல விழுந்து அழுவாங்க."

இந்தக் கடைசிச் சேதி இவருக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. படம் வெளியானபோது, நள்ளிரவு முதல் காட்சிக்கு வா என்று கூப்பிட்டதும் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எவளோ உங்க மேல விழுறத நான் தூக்கம் முழிச்சு வேற பாக்கணுமா? நீங்களே போய்ப் பாருங்க."

ஆகவே ஃப்யூஸும் பெயின்டரும் மனைவியின் தம்பியும்தான் அவரோடு கிளம்பினார்கள். தம்பிக்காரன் சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறவன். பெயின்டர் யாரோ வீட்டுச் சுவருக்கு வாங்கி மீந்த பெயின்டில் வால்வின் முகத்தை ஒரு பெரிய பலகையில் வரைந்து கொண்டுவந்திருந்தார். மூக்கு யாருடையதென்று தெரியவில்லை. மீசை மட்டும் வால்வுடையதுதான். தியேட்டர் வாசலில் கதாநாயகனின் படத்துக்குக் கீழே அதைச் சாத்தி வைத்தார்கள். ரசிகர்கள் அடையாளம் கண்டுகொள்ள வசதியாக இருக்கட்டும் என்று வால்வு அதே மாதிரி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

படம் ஆரம்பித்தது. காரிலிருந்து பெரிய மனிதர் யார் இறங்கினாலும் ஃப்யூஸ் முழங்கையால் இடித்தான்.

"நீயா?"

"இல்லடா. இடைவேளைக்கு முன்னாடி வருவேன். பொறு."

இடைவேளை நெருங்கும் நேரத்தில் காலடியில் ஜில்லென்றது. வரிசை வரிசையாக எல்லோரும் காலைத் தூக்கி இருக்கைமேல் வைத்தார்கள். கழிப்பறைப் பக்கமிருந்து தண்ணீர் ஓடிவந்துகொண்டிருந்தது. மேனேஜர் டார்ச்சோடு உள்ளே ஓடிவந்தார்.

"இங்க யாராவது பிளம்பர் இருக்கீங்களா?"

மைத்துனன் துள்ளி எழுந்தான். "இருக்காரு சார்! எங்க மாமா இருக்காரு!"

"உக்காருடா பாவி! என் சீன் வரப்போகுதுடா!" என்று வால்வு அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஆனால் காலைத் தூக்கி வைத்திருந்த அத்தனை பேரும் திரும்பி அவரையே பார்த்தார்கள். எழுந்து போகாமல் என்ன செய்வது?

கழிப்பறையில் ஒரு இளைஞன் கழன்ற குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் தொடவே இல்லண்ணே" என்று நின்றான். சுவரிலிருந்து பீறிட்ட தண்ணீர் வால்வின் நெஞ்சில் அடித்தது. தண்ணீரை நிறுத்தும் வால்வோ உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், துருப்பிடித்து, அசைவேனா என்றது. தம் கட்டித் திருகிக்கொண்டிருக்கும்போது அரங்கத்துக்குள் ஒரு பெண் வீறிட்டு அழும் சத்தம் கேட்டது. அந்த அழுகை அவருக்கு அத்துப்படி. படப்பிடிப்பில் திரும்பத் திரும்பக் கதாநாயகி அவர் நெஞ்சின்மேல் விழுந்து அழுத அழுகை.

"ஐயோ, அங்க நான் செத்துக் கிடக்குறேன்! யாராவது இதப் பிடிங்கய்யா!"

மேனேஜர் வெலவெலத்துப் போனார். "என்ன ஆச்சு? கரண்ட் அடிச்சிருச்சா?"

ஒருவழியாக வால்வு திரும்பியது. தண்ணீர் நின்றது. அவர் சொட்டச் சொட்ட ஓடி, கைக்கு அகப்பட்ட கதவைத் திறந்தார். அது திரைக்குப் பக்கத்தில் திறக்கும் கதவு.

திரையில் அப்போதுதான் பிணத்தின் முகத்தைப் பெரிதாகக் காட்டி முடித்திருந்தார்கள். வெள்ளைச் சட்டை, தொங்கும் மீசை, திறந்த கண்கள். அதே சட்டை, அதே மீசை, அதே கண்களோடு ஓர் உருவம் வாசல் வெளிச்சத்தில் தண்ணீர் வடிய வந்து நின்றால் முன்வரிசை என்ன ஆகும்? ஒரு அம்மாள் போட்ட கூச்சலில் பாப்கார்ன் ஆகாயத்துக்குப் போனது. வாட்டசாட்டமான ஒரு ஆள் இருக்கையைத் தாண்டிப் பின்னால் இருந்தவர் மடியில் விழுந்தார்.

"பொணம் எந்திரிச்சு வந்துருச்சு!"

தனக்குப் பின்னால் ஏதோ நிற்கிறது என்று நினைத்து வால்வும் திரும்பிப் பார்த்து, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கத்துக் கத்தினார்.

விளக்கைப் போட்டார்கள். ஃப்யூஸ் இருக்கைமேல் ஏறி நின்று, "பயப்படாதீங்க, நம்ம ஆளுதான்!" என்று கத்தினான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது.

"டேய்... நீ பொணமாடா?"

அரங்கமே சிரித்துக் கைதட்டியது. இடைவேளையில் வால்வைச் சுற்றிக் கூட்டமான கூட்டம். "கண்ணைத் திறந்து சாகுங்கண்ணே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் செத்துக் காட்டினார். மடியில் விழுந்த ஆளும், மடி கொடுத்த ஆளும் ஆளுக்கொரு பக்கம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஈரத்தில் உடம்பு நடுங்கவே மேனேஜர் தன் அறையில் உட்காரவைத்துத் துண்டு கொடுத்தார். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார். நண்பர்கள் எழுப்பியபோது படம் முடிந்திருந்தது.

மறுநாள் மாலைக் காட்சிக்கு மனைவி தானாகவே கிளம்பி நின்றாள். தெருவெல்லாம் பேசுகிறார்கள், நான் மட்டும் பார்க்காமல் இருப்பதா என்றாள். அந்தக் காட்சி வந்தது. நீலம் பாரித்த முகத்தில் மீசை நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. தன்னை முதன்முதலாகப் பார்த்த பூரிப்பில் வால்வு, "ஈய பாத்தியா? அசையவே இல்ல பாரு!" என்று அவளை இடித்தார்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. இருட்டில் அவர் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, நாடி பார்க்கிறவள் போல அழுத்தி வைத்திருந்தாள். கதாநாயகி விழுந்து அழுததெல்லாம் அவள் கண்ணில் படவே இல்லை.

"எந்திரிங்க, போலாம்."

"பாதிப் படம் இருக்குடி. யாரு கொன்னான்னு பாத்துட்டுப் போலாம்."

"எவன் கொன்னா என்ன? வாங்க பேசாம."

வெளியே வந்து, வழியில் ஒரு டீயைச் சூடாக வாங்கி அவர் கையில் திணித்தாள். அவர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே கூப்பிட்டா, உசுரோட இருக்குற வேஷமா கேளுங்க."

"கேட்டா குடுத்துருவாங்களா?"

"குடுக்காட்டி வீட்டுக்கு வாங்க" என்றாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டு முன்னால் நடந்தாள்.