மட்டி துப்பிய தண்ணீர்

எனக்கு எழுபத்தொரு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். என் சமையலால் ஒருவருக்கும் வயிறு கெட்டதில்லை என்று போன மாரிமழைக் காலம்வரை சொல்லித் திரிந்தவள் நான்.

அந்த மாரியில் முல்லைத்தீவில் கடலோடு சேரும் உப்புநீர்க் களப்பில் மட்டிச் சிப்பி அள்ளி வந்தேன். மழைக்கு மலசலகூடக் குழிகள் நிறைந்து களப்புப் பக்கம் வழிந்ததைக் கண்டேன். கண்டும் கவலைப்படவில்லை. உப்புத்தண்ணீரில் எந்த அழுக்கும் செத்துவிடும் என்பது என் எண்ணம். களப்புத் தண்ணீரையே வாளியில் எடுத்து, இரவு முழுக்க மட்டியை ஊறப்போட்டேன். மண்ணைத் துப்பியது. காலையில் வாய் திறக்கும் அளவுக்கு மட்டும் அவித்தேன்.

“இன்னும் கொஞ்சம் அவிய விடுவம் மாமி,” என்றாள் மருமகள் சுகந்தி.

“ரப்பரையோ தின்னுறது? நீ பிறக்க முதலே மட்டி அவிச்சனான்.”

சுகந்தி மட்டி தின்பதில்லை. அவளுடைய மகள், என் எட்டு வயதுப் பேத்தி நிலாவுக்கு நானே ஊட்டினேன்.

மறுநாள் எனக்கு வயிற்றோட்டம். சேலையிலேயே போய்விட்டது. ஒருவரும் அறியாமல் கிணற்றடியில் அலசினேன். பின்னேரம் நிலாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“மாமி, உங்களுக்கும் ஏதும் செய்யுதோ?”

“எனக்கென்ன, கல்லுமாதிரி இருக்கிறன். பள்ளிக்கூட வாசலில ஐஸ்பழம் திண்டிருப்பாள்.”

அதை நம்பிச் சுகந்தி பிள்ளைக்கு மல்லி அவித்த தண்ணீர் கொடுத்தாள். விடிய, பிள்ளையின் கண்கள் உள்ளே போய்விட்டன. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்; வாசலில் நானும் மயங்கி விழுந்தேன்.

நீரிழப்பு (உடம்பில் உள்ள தண்ணீர் வற்றுவது) என்று இருவருக்கும் சேலைன் ஏற்றினார்கள். டொக்டர் கேட்டபோதுதான் மட்டிக் கதையையும் மறைத்த வயிற்றோட்டத்தையும் சொன்னேன்.

“உப்புத்தண்ணியில மலக்கிருமி உடன சாகாது அம்மா. மட்டி தண்ணியோட சேர்த்து அதையும் இழுத்து உள்ளுக்கு வைச்சிருக்கும். நீங்கள் ஊறப்போட்டதும் அதே தண்ணி. துப்பினதையே திரும்பக் குடிக்கும். மண் போகும், கிருமி போகாது. சுத்தமான கடல்தண்ணி ஓடிக்கொண்டே இருக்கவேணும். அப்பவும் நல்லா அவிக்கவேணும்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “நேற்றே சொல்லியிருந்தால் பிள்ளை இவ்வளவு வாடியிருக்காது.”

சுகந்தி ஆஸ்பத்திரி வாட்டில் எல்லாரும் பார்க்க அழுக்கான என் சேலையை மாற்றிவிட்டாள். ஒரு சொல் ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நிலா பிழைத்தாள். நானும் நடக்கிறேன். ஆனால் இந்த உடம்பை முன்போல நம்ப முடியவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கும் நேரம் நீண்டுவிட்டது. கொதித்த பிறகும் இறக்கக் கை போவதில்லை.

உங்களுக்கு வயிற்றோட்டம் வந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.

பிழை என்னுடையது என்று சுகந்தியிடம் இன்னும் வாயால் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டி இவ்வளவும் எழுதிவிட்டேன்.

“நிலா, இதை ஒருக்கா வாசி பிள்ளை.”

“மெல்லமாவோ அப்பாச்சி?”

“இல்லை, சத்தமா வாசி. அம்மா குசினிக்குள்ள அடுப்படியில நிக்கிறா.”