சைமனின் கோட்டில் மூன்றாவது ஒட்டு

அட்டுவம்பட்டியில் விஜயராணி வீட்டில் மழை பிடித்தால் அரிசி பூஞ்சை பூக்கும், தீப்பெட்டி நமத்துப்போகும், கல்யாணச் சேலைகூட வீச்சமடிக்கும். அடுப்பை ஒட்டி ஒரு மூலை மட்டும் எப்போதும் காய்ந்து கிடக்கும். அந்த மூலையில் அரிசிப்பானையை வைத்திருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை. அங்கே ஒரு தகரப்பெட்டி ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கும். பெட்டி நிறைய காமிக்ஸ் புத்தகம். அதையாவது வாங்கின மனுஷன் படித்தாரா என்றால் அதுவும் இல்லை. முதலில் வாங்கின ரெண்டைத் தவிர மற்றதையெல்லாம் வாங்கி வாங்கி அடுக்கினதோடு சரி. அவள் புருஷன் ஜெயச்சந்திரன் ஒன்றைக்கூடப் பிரித்ததில்லை.

"நாய்க்குக் கெடச்ச முழுத்தேங்கா மாதிரி உருட்டிக்கிட்டே இருங்க" என்பாள் விஜயராணி.

"வரிசை தெரியட்டும் புள்ள. அப்பறம் பாரு, ஒரே மூச்சுல படிச்சுத் தள்ளுறேன்."

"ஆமா, கண்ணு கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்!"

இந்தச் சொலவடை அவளுக்கு நாக்கு நுனியிலேயே இருக்கும். பஸ் போனபிறகு கை காட்டினாலும் சொல்வாள், பால் பொங்கி வழிந்தபிறகு ஊதினாலும் சொல்வாள். வாய் சும்மா இருக்காமல் சொல்வதுதான். பலிக்கும் என்று யார் கண்டார்கள்?

ரெண்டு பேரும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசைவீட்டில் பிறந்து, சின்னப்பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர்கள். வந்து சேர்ந்த இந்த மலையில் அப்பன் ஆத்தாள் எல்லாரும் காட்டில் மரம் நட்டார்கள், பிறகு அதே மரத்தை வெட்டினார்கள். ஜெயச்சந்திரன் மரலாரியில் கிளீனராக ஏறி, தட்டுத்தடுமாறி டூரிஸ்ட் வேன் டிரைவர் ஆனார். விஜயராணி காட்டேஜ்களில் ரூம் கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போனாள். ஒரே மகள், திருப்பூரில் கட்டிக்கொடுத்தாச்சு. குடி இல்லை, சீட்டு இல்லை. ஊருக்குள் ஜெயச்சந்திரனைப் பற்றிக் குறை சொல்ல இந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது.

பெட்டிக்குள் இருப்பது 'சாம்பல்குதிரைச் சைமன்'. நீளக் கோட்டுப் போட்ட ஒரு துப்பாக்கிக்காரன், அவனுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு குதிரை, பீட்ரோ என்று ஒரு சிநேகிதன். கிளீனராக இருந்தபோது பழநி பஸ் ஸ்டாண்டில் பழைய புத்தகக் கடையில் ஜெயச்சந்திரன் ஒன்று வாங்கினார். அதில் பீட்ரோவைப் புதைத்துவிட்டுச் சைமன் குழிமேட்டில் உட்கார்ந்து அழுகிறான். லாரிக்கு மேலே படுத்துக்கொண்டு இவரும் அழுதார். அடுத்த முறை பழநிக்குப் போனபோது இன்னொன்று கிடைத்தது. அதில்தான் பீட்ரோ சைமனை முதல்முதலாகப் பார்த்து, 'இனி நாம் நண்பர்கள்' என்கிறான்.

"செத்தவன் எந்திரிச்சு வந்து கை குடுக்குறான் ராணி! அவன் சிரிக்கச் சிரிக்க எனக்கு அழுகையா வருது. அது என்ன கதை, சித்ரவதை."

வெளிநாட்டுக் கதை. இங்கே போடுகிறவர்கள் எது முதலில் கையில் கிடைத்ததோ அதை முதலில் அச்சடித்துவிட்டார்கள். அட்டையில் இருக்கும் நம்பர் அச்சடித்த வரிசை, கதை நடந்த வரிசை இல்லை. அன்றைக்கு எடுத்தார் சபதம்: எல்லாப் புத்தகமும் சேர வேண்டும், சரியான வரிசை தெரிய வேண்டும், அதுவரைக்கும் ஒரு பக்கம் திறப்பதில்லை. ஒருமுறை மச்சினன் வீரையா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் ஒரு கதையின் முடிவைச் சொல்லிவிட்டான். அவனோடு வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது.

போன மார்கழியில் வேனில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மலைப்பாதையில் வந்தவர், "மேகம் எறங்கிருச்சு, லைட்டைப் போட்டுக்கிறேன்" என்றாராம். பின்னால் இருந்தவர் சொன்னாராம்: "என்ன டிரைவர், வெயில் சுள்ளுனு அடிக்குது?" ஜெயச்சந்திரன் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போய்க் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். வேறு டிரைவர் வந்துதான் வண்டியை எடுத்தான். சாயங்காலம் அடுப்பின் முன்னால் குந்திக்கொண்டு அவர் இதைச் சொன்னபோது விஜயராணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். எத்தனை நாளாக இவருக்கு வெயிலிலும் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது? எத்தனை பேர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அந்தக் கொண்டைஊசி வளைவுகளில் திரும்பினார்?

மதுரையில் கண் டாக்டர் நல்ல மனுஷர், மறைக்காமல் சொன்னார். சர்க்கரை கண்ணுக்குள்ளே ரத்தத்தைக் கசிய வைத்துவிட்டது. வலது கண் போனது போனதுதான். இடது கண்ணுக்கு ஆப்பரேஷன் செய்து பார்க்கலாம். தெளியலாம், இப்படியே நிற்கலாம், உள்ளதும் போகலாம். "சத்தியம் பண்ணிக் குடுக்க முடியாதும்மா." தைப்பூசம் கழிந்து வரச்சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தச் சொலவடை தானாக நாக்கு நுனிக்கு வந்தது. விஜயராணி பல்லைக் கடித்துக்கொண்டாள். 'பாவி, என் வாயில வசம்பைத்தான் வச்சுத் தேய்க்கணும்' என்று தன்னையே வைதுகொண்டாள். பஸ் மலை ஏறத் தொடங்கியபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "சைமனைப் படிக்காமலே போயிருவேன் போலயே ராணி."

குடி முழுகிப் போகிறது, இவருக்குச் சைமன் கேட்கிறதா என்று ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள், ஆத்திரம் அடங்கிவிட்டது. மனுஷன் தனக்கென்று ஆசையாக எடுத்துவைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு பெட்டிதான்.

ஏரிக்கரைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். புத்தகமெல்லாம் சேர்ந்துவிட்டது, வரிசைதான் தெரியவில்லை; அதைக் கேட்க ரெண்டு பேரும் போனார்கள். அங்கே இருந்த ஜெயப்பிரியா என்கிற பெண் பொறுமையாகத் தேடிப் பார்த்தாள். சைமன் கிறுக்கர்கள் ரெண்டு பேர் கம்ப்யூட்டரில் எழுதியிருந்தார்கள். ஒருத்தர் முதல் என்று சொன்னது இன்னொருத்தருக்குக் கடைசி. கீழே மாமியாரும் மருமகளும் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"எதுக்கும் நீங்களே படிச்சுப் பாத்திருங்க அங்கிள்" என்றாள் ஜெயப்பிரியா.

அங்கிளா படிப்பார்? உச்சிவெயிலில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, லென்ஸை வைத்துக்கொண்டு அட்டைகளை மட்டும் தடவித் தடவிப் பார்ப்பார். அந்த வெளிச்சத்தில்தான் அவருக்கு எழுத்து தெரியும். படிக்கத் தொடங்கினால்கூட ஒரு நாளைக்கு ஒரு புத்தகம் முடிந்தால் அதிகம். தைப்பூசமோ நெருங்கிக்கொண்டே இருந்தது. "குத்துமதிப்பா ஒண்ணை எடுத்துப் படிங்களேங்க" என்று கெஞ்சினாள். "செத்தவன்கிட்ட மறுபடி கை குடுக்கச் சொல்றியா?" என்று பெட்டியை மூடிவிட்டார்.

சரி, நீ படிக்காவிட்டால் போ, நான் படிக்கிறேன் என்று கிளம்பினாள் விஜயராணி. சீசன் இல்லாத நேரம், காட்டேஜ்கள் காலி. துடைக்கிற துணிக்குக் கீழே வாளியில் புத்தகங்களை மறைத்து எடுத்துக்கொண்டு போனாள். அவள் படித்தது அஞ்சாம் வகுப்பு. விரலை எழுத்துக்கு அடியில் ஓட்டிக்கொண்டு, உதடு அசைய அசையப் படித்தாள். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. 'டுமீல்' என்றான், 'படார்' என்றான், ஒருத்தன் கூரையிலிருந்து விழுந்தான். அடக் கண்றாவியே, இதற்கா இத்தனை பாடு?

அப்புறம் கோட்டைப் பார்த்தாள். துணி என்று கண்ணில் பட்டால் எங்கே கிழிந்தது, எங்கே தைத்தது என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. இந்தச் சைமன் மாற்றுத்துணிக்குக் கதியில்லாத பயல், எல்லாப் புத்தகத்திலும் ஒரே கோட்டு. ஒன்றில் கோட்டு புதுசு. ஒன்றில் முழங்கையைத் தோட்டா கிழிக்கிறது, பீட்ரோ உட்கார்ந்து ஒட்டுப் போடுகிறான். அதற்குப் பின்னால் நடந்த கதையிலெல்லாம் முழங்கையில் ஒட்டு இருக்கிறது. படம் போட்டவன் மறக்கவே இல்லை! இன்னொன்றில் தீ விபத்து, காலர் பொசுங்கி ரெண்டாவது ஒட்டு. காட்டேஜின் பெரிய கட்டிலில் புத்தகங்களைப் பரப்பி, ஒட்டைப் பார்த்துப் பார்த்து அடுக்கினாள். பீட்ரோ செத்த இடம் வந்தபோது, செத்தது முன்னமே தெரிந்திருந்தும் முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

மூன்றாவது ஒட்டு கோட்டின் கீழோரத்தில். அந்த ஓரம் கிழிகிற கதையைத் தேடி எடுத்தாள். கல்குவாரியில் வெடி வெடித்து, சாம்பல்குதிரைக்கு ரெண்டு கண்ணும் போய்விடுகிறது. சைமன் கோட்டின் ஓரத்தைக் கிழித்து அதன் கண்ணில் கட்டுகிறான். சுற்றி நிற்கிறவர்களில் ஒருத்தன் சொல்கிறான்: 'கண் போன குதிரை எதற்கு ஆகும்? ஒரு தோட்டாவில் முடி.'

விஜயராணியின் விரல் அந்த வரியிலேயே நின்றது. புத்தகத்தைப் பட்டென்று மூடிவிட்டாள். இந்த வரியை அந்த மனுஷன் எப்படிப் படிப்பார்? அதற்கு மேல் அவள் ஒரு கதையும் படிக்கவில்லை. மிச்சத்தை ஒட்டை மட்டும் பார்த்து அடுக்கிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டேங்க. வரிசை தெரிஞ்சிருச்சு" என்றதும் ஜெயச்சந்திரன் ரெண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

"கதையைச் சொல்லிராத புள்ள! ஒன் காலுல விழுறேன்!"

"கதையச் சொல்லலங்க, கோட்டை மட்டும் பாருங்க." லென்ஸைக் கையில் கொடுத்து ஒட்டுகளைக் காட்டினாள். அவர் முழங்கையைப் பார்த்தார், காலரைப் பார்த்தார், மறுபடி முழங்கையைப் பார்த்தார். "அடி கெட்டிக்காரி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மார்கழிக்கு முந்தின ஜெயச்சந்திரன் இருந்தார்.

அன்றிலிருந்து தினம் உச்சிவெயிலில் ஒன்று. அவருக்குச் சந்தோஷம். அவளுக்கோ பயம். அவர் பக்கத்தைத் திருப்பத் திருப்ப, அந்தக் குவாரிப் புத்தகம் கிட்டே வந்துகொண்டிருந்தது. மேகம் மூடிய நாளில் படிக்க முடியாமல் அவர் தவித்தபோது இவள், 'முருகா, இன்னொரு நாள் மூடட்டும்' என்று வேண்டிக்கொண்டாள். இப்படியும் ஒரு பெண்டாட்டி உண்டா! ரெண்டு ஒட்டு வரைக்கும் படித்து முடித்தார். அடுத்தது அதுதான். அதற்குள் மதுரைக்குப் போகிற நாள் வந்துவிட்டது.

"மிச்சத்தை வந்து படிச்சுக்கிறேன்" என்று பெட்டியைத் தானே பூட்டிவிட்டுக் கிளம்பினார்.

கட்டுப் பிரித்த அன்றைக்கு டாக்டர் கையை ஆட்டிக் காட்டினார். ஜெயச்சந்திரன் ஜன்னல் பக்கமாகத் திரும்பி, "வெளிச்சம் தெரியுதுங்க" என்றார். "கை தெரியுதா?" அவர் முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பவில்லை. திரும்பத் திரும்பப் போய்க் காட்டினார்கள். வெளிச்சத்தோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அவர் பேசுவதையே விட்டுவிட்டார். வாசலில் வெயிலுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வைத்தால் சாப்பிடுவார், வைக்காவிட்டால் கேட்கமாட்டார். மகள் போன் பண்ணினால் "ம்" என்பார். சைமன் பேச்சே எடுக்கவில்லை. அழுதாலாவது தேவலை. கைப்பிடிச்சுவர் இல்லாத வளைவில் நிற்கிற மாதிரி விஜயராணிக்கு நாளெல்லாம் ஒரு பயம். வேலைக்குப் போன இடத்தில் துடைப்பத்தைப் போட்டுவிட்டு, ஆள் என்ன ஆனாரோ என்று பாதியில் ஓடிவருவாள்.

ஒரு நாள் உச்சிவெயிலில் பெட்டியைத் திறந்தாள். குவாரிப் புத்தகத்தை அரிசிப்பானைக்குப் பின்னால் செருகினாள். அதற்கு அடுத்ததை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தாங்க, சைமன் வாசிக்கிறேன். கேக்குறீங்களா?"

அவர் தலை லேசாக அசைந்தது.

"சைமன் ஒரு மேட்டு மேல நிக்கிறான். பனி கொட்டுது..."

"கோட்டு எப்படி இருக்கு?"

அத்தனை நாளைக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி. பொய் சொல்லலாம்தான், அவருக்கா தெரியப்போகிறது? அப்படித் தோன்றியதும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

"முழங்கையில ஒட்டு. காலர்ல ஒட்டு." கொஞ்சம் நிறுத்தினாள். "கீழோரத்துல ஒட்டு."

"நான் கடைசியாப் படிச்சதுல கீழோரம் நல்லாத்தானே இருந்துச்சு." முகத்தை அவள் பக்கம் திருப்பினார். "நடுவுல உள்ளதை எங்க ஒளிச்சு வச்ச?"

"அது வேணாங்க. அது நல்லாயில்ல."

"செத்தவன் கை குடுக்குற கதை எனக்கு வேணாம் ராணி. வரிசையா வாசி. எது வருதோ அது வரட்டும்."

எழுந்து போய் எடுத்துவந்தாள். குவாரி வந்தது, வெடி வந்தது. குதிரை கீழே விழுந்ததைச் சொன்னாள். கோட்டு கிழிந்ததைச் சொன்னாள். அந்த வரி வந்ததும் குரல் உடைந்துவிட்டது. ஆனாலும் விடாமல் வாசித்தாள்: "'கண் போன குதிரை எதற்கு ஆகும்? ஒரு தோட்டாவில் முடி.'"

அவள் அழுவது ஜெயச்சந்திரனுக்குக் கேட்டிருக்கும். கையை நீட்டித் துழாவி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்பறம்?"

"தெரியாதுங்க. இதுக்கு மேல நான் படிக்கல. பயந்துக்கிட்டு மூடிட்டேன்."

"அப்பத் திருப்பு. ரெண்டு பேரும் சேந்து பாப்போம்."

விஜயராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினாள். பக்கம் முழுக்க ஒரே படம், எழுத்தே இல்லை.

"துப்பாக்கியை எடுக்கலங்க" என்றாள். "கயித்தைப் புடிச்சுக்கிட்டு முன்னால நடக்குறான்."

"குதிரை?"

"வருதுங்க. பின்னாலயே வருது."