பத்தாவது படிவம்

முதியோரியல் படிக்கிறேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். "வயசாளிகளப் பாத்துக்கிட ஒரு படிப்பாக்கும்?" என்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். மதுரைக்கும் விருதுநகருக்கும் பஸ்ஸில் அலைந்து ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். இரண்டாம் வருடத்தில், அறுபது தாண்டிய பத்துப் பேரிடம் ஞாபகச் சோதனை நடத்திப் படிவம் நிரப்பி வரச் சொன்னார்கள்.

ஒன்பது பேர் தெருவிலேயே கிடைத்தார்கள். பத்தாவதாக அப்பாவை உட்காரவைத்தேன். சோம்பேறித்தனம்தான் காரணம். அப்பா எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலப்பவர். வெடி உப்பும் கந்தகமும் சேர்ந்த அந்தக் கலவைக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். அளவு பிசகினால் அறையே இருக்காது.

வாழைப்பழம், சாவி, கோயில், செருப்பு, மழை என்றேன். அப்படியே திருப்பிச் சொன்னார். ஐந்து நிமிடம் வேறு பேசிவிட்டு, "அந்த அஞ்சையும் சொல்லுங்கப்பா" என்றேன்.

"எந்த அஞ்சு தாயி?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தில் விளையாட்டு இல்லை.

அப்போதும் மனசு சாக்குத் தேடியது. கலவை அறைக்குள் போகுமுன் வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட வேண்டும்; சின்னப் பொறி போதும், மருந்து பற்றிக்கொள்ள. அந்தப் பழக்கத்தில் அப்பா வீட்டு இரும்புக் கதவையும் உள்ளங்கையால் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். இதை மறக்காதவர் எதை மறந்துவிடப்போகிறார் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். மறதி நோயில் கைப்பழக்கம் கடைசியில்தான் போகும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்.

அன்று சாயங்காலமே அப்பாவோடு அதே அறையில் வேலை செய்பவரின் வீட்டுக்குப் போனேன். இரண்டு பிள்ளைக்காரர். நான் சொல்லி முடிக்குமுன் தலையாட்டினார்.

"தெரியும்மா. அண்ணாச்சி தராசுல நிறுத்தத நான் மறுபடி ஒருக்க நிறுத்துப் பாத்துக்கிடுவேன். ஆறு மாசமா இப்படித்தான் ஓடுது."

"போர்மேன்ட்ட சொல்லலையா?"

"எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரும்மா. நானே போயி எப்படிச் சொல்ல?"

"நீங்க லீவு போட்ட அன்னைக்கு?"

உள்ளே பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டுக்குச் சண்டை போடும் சத்தம் கேட்டது. அந்த மரியாதையின் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போர்மேனுக்கு நானே போன் செய்தேன். பிறகு அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, இனி வேலைக்குப் போக வேண்டாம் என்றேன். அவர் கோபப்படுவார் என்று பயந்திருந்தேன். முகம் வெளுத்துப்போய்க் கேட்டார்:

"நான் எதுவும் தப்பாக் கலந்துட்டனா தாயி? என்கூட நிக்கிறவனுக்கு ஒண்ணும் ஆகலைல்ல?"

"ஒண்ணும் ஆகலைப்பா."

மறுநாள் விடிந்ததும் பருத்திச் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி நின்றார். வாசலை மறித்து நின்று மறுபடி சொன்னேன். அதே வெளுத்த முகம், அதே கேள்வி.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. பத்தாவது படிவத்தை நான் இன்னும் கொடுக்கவில்லை. தினமும் காலையில் அப்பா கிளம்புகிறார், நான் சொல்கிறேன். நான் சொன்னது அவருக்கு மறந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு நாளும், யாரையோ கொன்றுவிட்டோமோ என்று முதல்முறையாகப் பயப்படுகிறார்.