ஐந்து முறை பிறந்த இரண்டாயிரத்தைந்து

தேனிப் பக்கத்துக் கூடலூரில் பஸ் நிலையத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் ஜாதகம் போடும் கர்ணன் யாரையும் நம்பமாட்டான். அதிலும் பிரிண்ட் எடுக்கப் பென்டிரைவோடு வருகிறவனைக் கண்டால், கோழிக்கூட்டுப் பக்கம் கீரியைக் கண்டவன்போல எழுந்து நின்றுவிடுவான். எங்கிருந்து வருகிறாய், குமுளியா, அங்கே எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாய் என்று விசாரணை நடக்கும். அந்த வருஷங்களில் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் சிக்குன்குனியா பரவியிருந்தது. ஜீப்பில் வருகிறவன் நொண்டிக்கொண்டு இறங்கினாலே ஊர் விலகி நிற்கும். கர்ணன் நினைப்பில் கம்ப்யூட்டர் வைரஸும் அதே ஜீப்பில்தான் வந்தது. லோயர் கேம்ப் செக்போஸ்ட்டில்கூட இத்தனை கேள்வி கிடையாது. நான் அவன் பக்கத்துக் கடையில், மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்புக்கு ஆள் சேர்க்கிறவன். அங்கே பேசுவது என் காதில் விழாமல் போனதில்லை.

பிளஸ் டூ கணக்கில் தோற்றவன் கர்ணன். கம்பத்தில் டைப்ரைட்டிங் படித்து, ஏலக்காய்க் கடையில் சீட்டு எழுதி, இரண்டாயிரத்தொன்றில் மதுரையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்தான். பள்ளிக்கூடக் கணக்கில் தோற்றவன் கிரகக் கணக்கில் பிழைத்தான். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பதினெட்டுப் பக்கம் ஜாதகம் வரும். அவன் முதல் பக்கத்துக் கட்டத்தை மட்டும் பார்ப்பான். மீதிப் பதினேழும் மிஷின் பாடு.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. இரண்டாயிரத்தைந்து புதுவருஷத்தன்று தேனியிலிருந்து ஒரு டீலர் வந்து ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு உத்தரவாதம். மூலையில் பச்சை நிறத்தில் ஒரு டிக் தெரியும். கர்ணன் அதற்கும் சேர்த்து ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்தான்.

வருஷம் முடிந்ததும் டிக் சிவப்பாகிவிட்டது. திரும்ப வந்த டீலர் கையை விரித்துவிட்டார். புது ஆன்டிவைரஸ் தொண்ணூற்றெட்டில் உட்காராது, கம்பெனிக்காரனே தொண்ணூற்றெட்டைக் கைகழுவப் போகிறான், சிஸ்டத்தை மாற்றுங்கள் என்றார். மாற்ற முடியாது. ஜாதக சாப்ட்வேருக்கு ஒரு பூட்டு உண்டு. அதைப் பிரிண்டர் ஒயர் சொருகும் இடத்தில் சொருகினால்தான் சாப்ட்வேர் ஓடும். அந்தப் பூட்டு தொண்ணூற்றெட்டில் மட்டும்தான் திறக்கும். அதைச் செய்து விற்ற மதுரைக்காரர் கடையை மூடிவிட்டு எங்கோ போய்விட்டார்.

கர்ணன் டீலரை ஒரு மாதிரியாகப் பார்த்தான். வைரஸை விடுகிறவனும் நீங்கள்தான், மருந்து விற்கிறவனும் நீங்கள்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிட்டான்.

அப்புறம் ஒரு காரியம் செய்தான். கம்ப்யூட்டர் மூலையில் இருக்கும் கடிகாரத்தைத் தட்டி, வருஷத்தை மட்டும் இரண்டாயிரத்தைந்து என்று மாற்றினான். சிவப்பு டிக் பச்சையாகிவிட்டது. ஆன்டிவைரஸுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆயுள் இருப்பதாக நினைப்பு. கர்ணனுக்கு டீலரை ஏமாற்றிய சந்தோஷம்.

அதிலிருந்து ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் கடையைத் திறந்ததும் முதல் வேலை அதுதான். ஊருக்கெல்லாம் இரண்டாயிரத்தொன்பது பிறந்தபோது, கர்ணன் கடையில் ஐந்தாவது முறையாக இரண்டாயிரத்தைந்து பிறந்தது. இதில் ஒரு சின்னச் சங்கடம். ஜாதகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்ட நாள் விழும். அதன் மேலே தன் கடை ரப்பர் ஸ்டாம்பை ஊதா மையில் ஓங்கிக் குத்திவிடுவான். கடை பெயர் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று எங்களிடம் சொன்னான். எனக்கு அப்போதே சந்தேகம்தான். நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன். என் பேச்சை யார் கேட்டார்கள்?

அவன் மனைவி மூக்கம்மாள் பள்ளிக்கூடச் சத்துணவில் சமைக்கிறவள். விஷயம் அவளுக்கு மட்டும் தெரியும். காலாவதியான மாத்திரையில் தேதியை அழித்துவிட்டுத் தின்றால் காய்ச்சல் போகுமா என்று கேட்டிருக்கிறாள். 

இப்போது பாண்டீஸ்வரிக்கு வருகிறேன். எங்கள் தெரு மலையம்மாளின் மகள். தகப்பன் இல்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பேறிப் போய்த்தான் மலையம்மாள் அவளை டீச்சர் டிரெயினிங் வரை படிக்க வைத்தாள். பாண்டீஸ்வரிக்கு வயது இருபத்தேழு. எங்கள் பக்கம் அது பேசப்படுகிற வயது. இரண்டு இடம் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. மூன்றாவதாக ஓடைப்பட்டி ராக்கையா, திராட்சைத் தோட்டக்காரர், தன் மகன் விஜயபாண்டிக்குக் கேட்டு வந்தார். வைகாசியில் இரண்டு வீட்டாரும் ஜாதகம் மாற்றிக்கொண்டார்கள். ஆனியில் நிச்சயம், ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. ஆடி பிறந்துவிட்டால் யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டார்கள். ஒரு மாதம் ஆறப்போட்ட சம்பந்தம் அப்படியே ஆறிப்போனதும் உண்டு. மலையம்மாள் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ராக்கையா திராட்சை வியாபாரிகளோடு மல்லுக்கட்டியே வளர்ந்தவர். பெட்டியின் மேல் அடுக்கைப் பார்க்கமாட்டார். கையை விட்டு அடி அடுக்கைத்தான் எடுப்பார். ஜாதகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்து படித்திருக்கிறார். பெண் பிறந்தது எண்பத்திரண்டு சித்திரை என்று முதல் பக்கம் சொல்கிறது. வயது இருபத்துமூன்று என்று பதினேழாம் பக்கம் சொல்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒரு ஸ்டாம்ப். காகிதத்தை வெயிலில் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஊதா மைக்கு அடியில் இரண்டாயிரத்தைந்து.

மறுநாள் காலையில் மலையம்மாளையும் பாண்டீஸ்வரியையும் கூட்டிக்கொண்டு கர்ணன் கடைக்கே வந்துவிட்டார். நான் ஜீப்பை அனுப்பிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டேன்.

ராக்கையா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காகிதத்தை மேஜையில் வைத்து ஸ்டாம்பின் மேல் விரலை வைத்தார்.

“ஏப்பா கர்ணா, இது நாலு வருசத்துக்கு முந்திப் போட்ட ஜாதகம். நாலு வருசமா எத்தன வீட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துச்சோ, அந்தக் காகிதத்த எங்கிட்டக் குடுத்திருக்காக. தேதி தெரியக்கூடாதுன்னு மேல ஸ்டாம்ப வேற குத்திக் குடுத்திருக்க. ரெண்டு பேரும் பேசி வச்சுத்தான பண்ணீக?”

மலையம்மாள் போன மாதம்தான் போட்டது என்றாள். அவர் அவள் பக்கமே திரும்பவில்லை. பாண்டீஸ்வரி கர்ணனைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் கர்ணனைத்தான் பார்த்தோம்.

அவன் நிலைமையையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னால் பச்சை டிக் வேஷம் வெளியே வரும். அதுகூடப் பரவாயில்லை. நடப்புத் திசை என்ன, புத்தி என்ன, வயது என்ன என்பதையெல்லாம் மிஷின் கடிகாரத்தைப் பார்த்துத்தான் கணக்குப் போடுகிறது. அப்படியானால் நாலு வருஷமாக அவன் போட்டுக்கொடுத்த அத்தனை ஜாதகமும் பிசகு. ஒரு வருஷம், இரண்டு வருஷம் குறைந்தபோது யாரும் பதினேழாம் பக்கம் போகவில்லை. கர்ணனும் போகவில்லை. இப்போதுதான் அவனுக்கே உறைத்தது. 

பிரிண்டரில் ஏதோ கோளாறு என்றான்.

ராக்கையா காகிதத்தை மடித்து மலையம்மாள் கையில் கொடுத்தார். எங்கள் பக்கம் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். தன் மகன் ஜாதகத்தைச் சாயங்காலம் இங்கேயே வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, கூடலூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மலையம்மாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். பாண்டீஸ்வரி அழவில்லை. கடைக்குள் வந்து கர்ணனிடம் மெதுவாகப் பேசினாள்.

“அண்ணே, என்னைய நாலு வருசமா எவனும் வேண்டாம்னு சொன்னான்னு இனி ஊர் பூராம் பேசும். ஓடைப்பட்டிக்காரக வேண்டாம்னா போகட்டும். எதுனால இந்தத் தேதி வந்துச்சுன்னு எனக்கு மட்டுமாச்சும் சொல்லுங்க.”

அவளிடமும் பிரிண்டர் கோளாறு என்றே சொன்னான். அவர்கள் போனதும் கடையைப் பாதி இழுத்து மூடினான். நான் குனிந்து உள்ளே போனேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். டிக் பச்சையாகத்தான் இருந்தது. மத்தியானம் மூக்கம்மாள் வந்தாள். விஷயம் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிருந்தது.

“ஊர்ல எல்லாரையும் சந்தேகப்படுறீக. இன்னைக்கு உங்களால ஒரு பிள்ளைய ஊர் சந்தேகப்படுது. போயிச் சொல்றீகளா, நான் போயிச் சொல்லட்டா?”

கர்ணன் சட்டையை மாட்டினான். ராக்கையாவின் தங்கை வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னான். நானும் கூடப் போனேன். ராக்கையா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். மலையம்மாள் அனுப்பித்தான் வந்திருக்கிறான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டிவிட்டார். மருந்துக்கு ஆயுள் கூட்டுவதற்காக எவனாவது வருஷத்தையே குறைப்பானா என்று என்னிடம் கேட்டார். கர்ணன் குறைப்பான் என்றேன். கண்ணால் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று கிளம்பினார்.

கடையில் மலையம்மாளும் மகளும் வந்து காத்திருந்தார்கள். ராக்கையா மகன் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்க மஞ்சள் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள் பாண்டீஸ்வரி.

கர்ணன் எல்லோரும் பார்க்கக் கடிகாரத்தைத் தட்டி, வருஷத்தை இரண்டாயிரத்தொன்பது ஆக்கினான். பச்சை டிக் செத்தது. திரை நடுவே சிவப்பாக ஒரு பெட்டி வந்து, உங்கள் பாதுகாப்பு முடிந்து ஆயிரத்துச் சொச்சம் நாள் ஆகிறது என்று இங்கிலீஷில் சொன்னது. நாலு வருஷமாக ஊர்ப் பென்டிரைவையெல்லாம் சோதித்துச் சான்றிதழ் கொடுத்த மிஷின் அது. கர்ணன் அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு பாண்டீஸ்வரியின் ஜாதகத்தைத் திரும்ப அச்சிட்டான். வயது இருபத்தேழு. அச்சிட்ட நாள் இன்றைய நாள். ஸ்டாம்ப் குத்தாமல் நீட்டினான்.

ராக்கையா இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் இன்னும் இறுகிவிட்டது.

“ரெண்டு தட்டு தட்டுனா நீ கேட்ட வருசத்த இது குடுக்குது. அப்ப முந்தி போட்டது பொய்யா, இப்பப் போட்டது பொய்யா? பிறந்த தேதியவும் இப்பிடித்தான் தட்டுனியா?”

 நியாயமான கேள்வி. எனக்கே பாதி சந்தேகம் வந்துவிட்டது.

பாண்டீஸ்வரி மஞ்சள் பையிலிருந்து விஜயபாண்டி ஜாதகத்தை எடுத்தாள். அதைத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று நினைத்து ராக்கையா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். அதிலும் ஊதா ஸ்டாம்ப்.

“மாமா, இத எப்பப் போட்டீக?”

“போன மாசம். நானும் மகனும் வந்துதான் போட்டோம்.”

“அப்ப வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. நம் வீட்டு ஜாதகத்தை யார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்கள்? அவள் விடவில்லை. கடைசியில் வாங்கி வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்திருந்தார். பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். முப்பத்தொரு வயது மகனுக்கு இருபத்தேழு என்று போட்டிருந்தது.

“உங்க மகனும் நாலு வருசமா வீடு வீடாப் போயித் திரும்பி வந்தவுகளா மாமா?” என்று கேட்டாள் பாண்டீஸ்வரி. குரல் உயரவே இல்லை.

 விஜயபாண்டிக்கும் சின்னமனூரில் ஒரு இடம், கம்பத்தில் ஒரு இடம் தட்டிப்போனது எனக்குத் தெரியும். அது ராக்கையாவுக்கும் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஜீப்புக்கு ஆள் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.

மகன் ஜாதகத்தை மடித்தார். தன் பையில் வைக்கவில்லை. மலையம்மாளிடம் கொடுத்தார்.

அதோடு ஒப்புக்கொண்டார் என்று நினைத்துவிடக்கூடாது. பெண்ணின் பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கிப் பிறந்த தேதியைச் சரிபார்த்தார். கையால் கட்டம் போடும் சின்னமனூர் ஜோசியர் ஒருவரிடம் இருவர் தேதியையும் கொடுத்துப் பொருத்தம் பார்த்தார். பத்துக்கு எட்டு. அதன் பிறகுதான் நிச்சயத்துக்குச் சம்மதித்தார்.

கர்ணனுக்கு அந்த மாதம் உட்கார நேரமில்லை. கட்டுக்கட்டாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் வந்தார்கள். அத்தனையையும் சும்மாவே திரும்பப் போட்டுக் கொடுத்தான். குரு திசை நடக்கிறது என்று நம்பிக் கடை வைத்தவர்கள், சனி திசை முடியட்டும் என்று வீட்டு வேலையை நிறுத்தியவர்கள், எல்லோரும் திட்டிவிட்டுப் போனார்கள். வயது கூடிவிட்டதே என்று ஒரு அம்மா மட்டும் பழைய காகிதத்தையே திரும்பக் கேட்டு வாங்கிப் போனது. சிவப்புப் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வந்து நின்றது. அவன் அதை மூடிவிட்டு மூடிவிட்டு வேலை பார்த்தான். பென்டிரைவ் சொருகும் ஓட்டையில் பிளாஸ்திரி ஒட்டிவிட்டான், யாரும் உள்ளே கொண்டுவர முடியாதபடிக்கும், உள்ளே இருப்பது வெளியே போகாதபடிக்கும்.

ஜூலை மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை மலையம்மாள் வீட்டில் நிச்சயம். பத்திரிகை ஓலை எழுத நல்ல கையெழுத்துக்காரன் வேண்டும் என்றதும், கர்ணன் அண்ணன் எழுதட்டும் என்றாள் பாண்டீஸ்வரி. சபையில் ஒரு சலசலப்பு. கர்ணன் மஞ்சள் தடவிய தாளை மடியில் வைத்து, பிள்ளையார் சுழி போட்டு, விரோதி வருஷம் ஆனி மாதம் என்று தொடங்கினான். தேதியை எழுதப் பேனாவை வைத்தவன் நிறுத்தி, ராக்கையாவைப் பார்த்தான்.

 ராக்கையா பக்கத்திலிருந்த என்னிடம் குனிந்து, இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன். என்னையும் நம்பாமல், எழுந்துபோய்ச் சுவரில் இருந்த காலண்டரில் வருஷத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ம், எழுதப்பா” என்றார்.

கர்ணன் எழுதினான். அவர் வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.