வலது முழங்கால்

செபமாலைமுத்துவுக்கு அறுபத்திரண்டு வயது. ஸ்ட்ரெதமில் சாவி வெட்டி, சப்பாத்துக்குக் குதி அடித்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். வீடு நோர்பரியில். பெயரிலேயே செபமாலையை வைத்துக்கொண்டு, மாலையில் வீட்டில் செபமாலை சொல்லும்போது சோபாவில் இருக்கும் ஒரே ஆள் அவர்தான். ஐம்பத்துமூன்று மணியையும் முழங்காலில் நின்றே சொல்ல வேண்டும் என்பது மனைவி பிலோமினம்மாவின் சட்டம். தப்புவதற்கு வேறு வழி தெரியாமல், வலது முழங்கால் தேய்ந்துவிட்டது என்று ஆறு வருடங்களுக்கு முன் ஒரு நாள் சொன்னார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை.

பொய் சிறியதுதான். பிலோமினம்மா அதைச் செபக்குழுவில் போய்ச் சொன்னார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பியற்றிஸ் என்ற பெண்ணின் தலைமையில் பதினான்கு பேர் அந்த முழங்காலுக்காக மன்றாடினார்கள். அத்தனை பேர் மன்றாடும் முழங்காலை இடையில் சுகப்படுத்த அவருக்குக் கூச்சமாக இருந்தது.

லண்டனுக்கு வருமுன் பதினாறு வருடம் நோர்வேயின் வடக்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே ஒரு பழைய சாமான் விற்பனையில் ஒரு சோடிப் பனிச்சறுக்குப் பலகையும் ஒரு தடியும் எடுத்தார். தடி அவரைவிட ஒரு முழம் உயரம். மற்றத் தடி எங்கே என்று கேட்டார். இதற்கு ஒன்றுதான் என்றார்கள். டெலிமார்க் என்ற பழைய முறை அது. குதி பலகையோடு பூட்டுப்படாது. திரும்பும்போது ஒரு காலை முன்னே விட்டு, மற்ற முழங்காலைப் பனியில் முட்டுகிற அளவுக்கு மடக்க வேண்டும். நீளத்தடியை இரண்டு கையாலும் குறுக்கே பிடிக்க வேண்டும்.

வலப்பக்கம் திரும்ப வலது முழங்கால் மடங்க வேண்டும். அது முதல் நாளே வந்துவிட்டது. கோயிலுக்குள் நுழையும்போதெல்லாம் நற்கருணைக்கு முன் மடங்கிப் பழகிய முழங்கால். இடதுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அதனால் முதல் பனிக்காலம் முழுவதும் அவர் வலப்பக்கம் மட்டுமே திரும்பினார். இடப்பக்கம் இருந்த தபால் கந்தோருக்குப் போக முக்கால் வட்டம் சுற்றினார். இடது முழங்கால் அடுத்த பனிக்காலத்தில்தான் பழகியது.

இதையெல்லாம் லண்டனில் நம்ப ஆளில்லை. பக்கத்துப் பலசரக்குக் கடைச் சிவானந்தன் சுவிசிலிருந்து வந்தவர்.

“சுவிசிலை ரெண்டு தடி, முத்தர். ஒத்தைத் தடியோடை ஆடுதான் மேய்க்கலாம்.”

“நீர் சுவிசிலை கோப்பை கழுவினனீர். மலையைச் சன்னலாலை பாத்திருப்பீர்.”

“பாத்தனான். ஒருத்தனும் மற்றத் தடியைத் துலைச்சுப்போட்டு வரேல்லை.”

பதினொரு வருடமாக இதே பேச்சு.

மார்கழியில் ஒரு திங்கட்கிழமை விடிய, லண்டன் வெள்ளையாகக் கிடந்தது. ரயில் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஸ்ட்ரெதம் கொமன் என்ற புல்வெளியின் சரிவில் சனங்கள் தேத்தண்ணித் தட்டிலும் குப்பைத்தொட்டி மூடியிலும் இருந்து சறுக்கிக்கொண்டிருந்தார்கள். சிவானந்தன் அங்கிருந்து போன் எடுத்தார்.

“சாமான் கிடக்கோ, முத்தர்? இல்லாட்டி அதுவும் கதையோ? பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்து நிக்கிறன்.”

போகாவிட்டால் பதினொரு வருடப் பேச்சு பொய்யாகும். போனால் ஆறு வருட முழங்கால் பொய்யாகும். கராஜில் பலகைகளைத் துடைத்தபடி செபமாலைமுத்து யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது.

“இஞ்சருங்கோ, முழங்காலோடை எங்கை போறியள்?” என்றார் பிலோமினம்மா.

“இடப்பக்கம் மட்டும்தான் திரும்புவன். அதுக்கு வலது முழங்காலுக்கு வேலை இல்லை.”

பிலோமினம்மா போத்தலில் தேத்தண்ணி ஊற்றி மூடினார். “நில்லுங்கோ, நானும் வாறன்,” என்றார். பியற்றிசையும் கூப்பிட்டார்.

சரிவின் உச்சியில், தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருந்த தடியோடு செபமாலைமுத்து நின்றார். கீழே சிவானந்தன் குழுவில் யாரோ மே என்று கத்தினார்கள். அவர் தள்ளினார். முதல் திருப்பம் இடப்பக்கம். இடது முழங்கால் அழகாக மடங்கியது. சிரிப்பு நின்றது. அந்த வேகத்தில் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனார். நேரே எதிரே தேத்தண்ணிப் போத்தலோடு பிலோமினம்மாவும் பியற்றிசும். இடப்பக்கம், மேலிருந்து, ஒரே தட்டில் மூன்று பிள்ளைகள் அலறிக்கொண்டு வந்தார்கள். வலப்பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது.

வலது முழங்கால் அவரைக் கேட்கவில்லை. பனியைத் தொட்டு மடங்கியது. முதுகு நிமிர்ந்து, தடி குறுக்கே கிடக்க, இரண்டு பெண்களின் சப்பாத்திலும் பனி தெறிக்க அரை வட்டம் போட்டு, பீடத்தின் முன் முழங்காலில் நிற்பவர்போல நின்றார்.

“தடி ஒண்டுதான்,” என்று கீழேயிருந்து சிவானந்தன் சொன்னார். “எண்டாலும் வடிவு.”

அதைக் கேட்கப் பதினொரு வருடம் காத்திருந்தவருக்கு அது காதில் விழவில்லை. பியற்றிஸ் சிலுவை போட்டுக்கொண்டு அழுதார்.

“ஆறு வருசம். பதினாலு பேர். வாற வெள்ளிக்கிழமை செபக்குழுவிலை சாட்சி சொல்ல வேணும், அண்ணை.”

பொய் என்று சொன்னால் பியற்றிஸ் தாங்கமாட்டார். சொல்லாவிட்டால் அது கடவுள் செய்த புதுமை. செபமாலைமுத்து மனைவியைப் பார்த்தார். பிலோமினம்மா போத்தலின் மூடியை ஆற அமர முறுக்கினார்.

“சொல்லுவார்,” என்றார். “முழங்காலிலை நிண்டு சொல்லுவார்.”

அன்று மாலை சோபா முழுவதும் மடிக்காத உடுப்புகள் குவிந்திருந்தன. செபமாலைமுத்து கம்பளத்தில் இறங்கினார். மூன்றாவது பத்து மணியில் வலது முழங்கால் உண்மையாகவே நோகத் தொடங்கியது. கொஞ்சம் அசைந்தார்.

“நோகுதே?” என்றார் பிலோமினம்மா, மணியை விடாமல்.

“இல்லை.”

“சந்தோசம். நாளையிலிருந்து மன்றாட்டு மாலையும் சேப்பம்.”