கிருபா பாதியில் நிறுத்தும் ஜெபம்

இனிமேல் அனுப்பாதீர்கள் என்று சொல்லி, என் அக்கா மகள் கிருபாவைப் பள்ளிக்கூடத்து வாசலில் என் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். எண்பத்தெட்டாம் வருஷம் அது. நேற்று எழுதின எழுத்து அவளுக்கு இன்று தெரியாது. உட்காரச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவாள். அடித்துப் பார்த்தார்கள். எதற்கு அடித்தார்கள் என்பதும் கொஞ்ச நேரத்தில் மறந்துபோய், அடித்த டீச்சரின் கையையே பிடித்துக்கொண்டு சிரிப்பாளாம். அவளைக் கூட்டிக்கொண்டு செஞ்சிக் கடைத்தெரு முழுக்க அழுதுகொண்டே நடந்தேன். எதிரே கோட்டை மலை இருந்ததுகூட அன்றைக்கு என் கண்ணில் படவில்லை.

என் அக்கா ஜெயமேரி இவளைப் பெற்ற வருஷமே காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையின் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு பெங்களூர் போனார். கையளவு இருந்த குழந்தையை நான்தான் தூக்கி வந்தேன். வளரவே இல்லை. தலையும் சின்னது, கண்ணும் சின்னது. டானிக் கொடுத்தார்கள். பிடிவாதம் என்றார்கள். செத்துப்போன தாய் பிடித்திருக்கிறாள் என்றுகூட ஒரு அம்மா சொன்னாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது சபைக்கே தெரியும். அவளுக்கு நான் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அவரும் சோர்ந்துவிட்டார். மெட்ராஸில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஹோம் இருக்கிறதாம், கோடை லீவு முடிவதற்குள் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். அன்றைக்கு அடுப்படியில் உட்கார்ந்து ஆண்டவரோடு சண்டை போட்டேன். ஜெபம் என்று சொன்னால் பொய். “குணமாக்கலன்னாலும் பரவால்ல. இவளுக்கு இன்னா இருக்குதுன்னாவது சொல்லு. தெரியாம எப்படி அனுப்புவேன்?” என்று கேட்டேன்.

மறுவாரம் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் வெளிநாட்டில் படித்து வந்த ஒரு டாக்டரம்மா பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். என் அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவும் நானும் கிளம்பினோம். நைனா மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினவர். அக்கா போனபின் நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். திண்டிவனம் பஸ்ஸில் அவித்த மல்லாட்டையை உரித்து உரித்துக் கிருபாவின் வாயில் போட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொரு பனைமரத்துக்கும் அவள் டாட்டா காட்டினாள். இப்போதும் அந்த வழியில் பஸ் ஏறினால் எனக்கு அந்த வாசனை வருகிறது.

டாக்டரம்மா கிருபாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தார்கள். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நமக்கெல்லாம் ஒரு குழி இருக்கிறதே, அந்த இடத்தை விரலால் தடவினார்கள். அவளுக்கு அங்கே குழியே இல்லை. எத்தனை முத்தம் கொடுத்த முகம், நான் கவனித்ததில்லை. பிறகு மெதுவாக, அம்மா மாசமாக இருந்தபோது குடிப்பார்களா என்று கேட்டார்கள்.

எனக்கு வந்ததே கோபம். “எங்க அக்கா கோயில்ல பாட்டு சொல்லிக்குடுத்தவ. குடிகாரி இல்ல” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். செத்தவளைப் பேச வந்துவிட்டார்களே!

நைனா எழுந்திருக்கவில்லை.

“குடிச்சா டாக்டரம்மா. கள்ளு. காலையும் சாயந்தரமும் நான்தான் வாங்கியாந்து குடுத்தேன்” என்றார். “சூடு தணியும், கொழந்தை செவப்பா பொறக்கும்னாங்க. வேணாம் நைனான்னு சொல்லும், தலை சுத்துதுன்னு சொல்லும். நான் விடல.”

இளம் வாசகர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கள்ளுக்கடை திறந்திருந்த வருஷங்கள் அவை. மாசமாக இருக்கிற மகளுக்கு மற்ற ஊரில் பூவும் பழமும் வாங்கி வருவார்கள். எங்கள் தெருவில் தகப்பன்மார் கள்ளும் சேர்த்து வாங்கி வந்தார்கள். அதைக் குடி என்று யாரும் நினைக்கவில்லை. மருந்து என்று நினைத்தோம். பாசத்தோடுதான் செய்தோம்.

டாக்டரம்மா நைனாவைத் திட்டவில்லை. ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம் என்று பெயர் சொன்னார்கள். குழந்தை வயிற்றில் இருக்கும்போதே அந்தக் கள் மூளையைத் தொட்டுவிட்டது, முழுசாகச் சரியாகாது, ஆனால் இது திமிரும் இல்லை, பேயும் இல்லை என்றார்கள். அடிக்கக் கூடாது. ஒரு நேரத்துக்கு ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். தினமும் ஒரே வரிசையில் செய்ய வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதுதான் பெரிசு: “உங்க வீட்டுக்கு மட்டும் தெரிஞ்சா பத்தாதும்மா. சுத்தி இருக்கறவங்களுக்கும் தெரியணும்.”

நான் டாக்டர் வாயால் பதில் வரும் என்று காத்திருந்தேன். ஆண்டவர் என் நைனாவின் வாயைத் திறந்தார்.

அந்த ஞாயிறு நைனா சபையில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடிக்க முடியாமல் அழுதார். என் வீட்டுக்காரர் போய் அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். மெட்ராஸ் ஹோம் பேச்சு அன்றோடு போனது. பிறகு நைனாவுக்கு ஒரே வேலை. எந்த வீட்டில் பெண் மாசமாக இருக்கிறாள் என்று கேட்டு, கிருபாவையும் கூட்டிக்கொண்டு போய், கள்ளோ சாராயமோ ஒரு வாய்கூட வேண்டாம் என்று சொல்லுவார். பெருசுக்கு வேற வேலை இல்லை என்று சிரித்தவர்கள் உண்டு. கேட்டவர்களும் உண்டு.

எங்கள் தெரு மாறிவிட்டது. கிருபா வழி தவறிப் போனால் கடைக்காரர்கள் யாராவது வீட்டுப்பக்கம் திருப்பிவிடுவார்கள். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டு, தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அவளுக்கு இடம் கொடுத்தார். அடுத்த வீட்டுக் காதர்பீ அக்கா தையல் மிஷின் வைத்திருந்தார். பட்டன் தைக்கக் கற்றுக்கொடுத்தார். மறுநாள் மறந்துவிடுவாள். மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுப்பார். எனக்கே பொறுக்காமல், ஏன் அக்கா இந்தப் பாடு என்றேன். “மறந்தா இன்னா? நான் மறக்கல இல்ல” என்றார். காதர்பீ அக்காவின் தையல் கடையில் வேலை செய்து கிருபா இன்றைக்குத் தன் கையால் சம்பாதிக்கிறாள்.

ஒவ்வொரு ஞாயிறும் பரமண்டல ஜெபத்தை அவள்தான் தொடங்குவாள். அவளுக்கு அது உயிர். நடுவில் ஒரு இடம் வந்ததும் நின்றுவிடுவாள், அடுத்த வார்த்தை வராது. முன்பெல்லாம் கடைசி வரிசையிலிருந்து நைனா அந்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார். நைனாவை அடக்கம் செய்த பிறகு வந்த முதல் ஞாயிறு, அவள் அதே இடத்தில் நின்று பின்னால் திரும்பிப் பார்த்தாள். அப்போது சபை முழுவதும் ஒரே குரலாக அந்த வார்த்தையைச் சொன்னது. கிருபா சிரித்துவிட்டு மேலே தொடர்ந்தாள்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பெயர் தெரியாத ஒரு வேதனை இருந்தால் அது என்னவென்று கேளுங்கள். மறைக்காமல் சொல்லுங்கள். எங்கள் சபைக்கு ஒரு ஞாயிறு வாருங்கள். கிருபா நிற்கும்போது நீங்களும் எங்களோடு சேர்ந்து சொல்லலாம்.